கடலுக்குப் போகாத ஆறு

1700, பிப்ரவரி 9. வெனிஸ்.

நாள் முழுதும் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டினேன். டல்மாத்தியாவுக்கு மஞ்சள், குரோவாசியாவுக்கு இளஞ்சிவப்பு, லிகாவுக்குப் பச்சை. கடைசியில் நீலம் தொட்டு லிகா ஆற்றை மலையிலிருந்து கடல்வரை இழுத்துவிட்டால் ஒரு தாள் முடிந்தது. சுவானே அச்சடித்துக் குவிக்கிறார். காயவைக்க இடமில்லை, படுக்கப் போனால் கட்டில்மேலும் குரோவாசியா. இப்படி ஒரு புருஷன்!

பிப்ரவரி 12

தம்பி மிகுலா அக்கரைத் துறைமுகம் சென்யாவிலிருந்து விறகுப் படகில் வந்தான். எப்போதும் கூத்தும் கும்மாளமுமாக வருபவன், இன்று சாப்பிடக்கூட உட்காரவில்லை. துருக்கியர் விட்டுப்போன லிகாவில் இவனோடு சில குடும்பங்களுக்கு நிலம் கொடுக்கிறார்கள். அதிகாரி வரைபடத்தை விரித்து, ஆற்றின் கீழ்ப்பகுதியை இவர்கள் பேருக்கு எழுதிவிட்டாராம். அங்கே ஆறே இல்லை! லிகா ஆறு சமவெளி ஓரத்தில் பாறைத் துளைக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. அதற்குக் கீழே வெறும் கல்.

"நான் சொன்னா, நல்ல நிலத்துக்கு ஆசப்பட்டுப் புளுகுறியாங்கறான்க்கா. காகிதத்துல ஆறு இருக்காம்."

அதே வரைபடத்தின் இன்னொரு தாளை மடியிலிருந்து எடுத்துக் காட்டினான். எங்கள் அச்சு. என் நீலம்.

பிப்ரவரி 13

வீட்டில் பெரிய சண்டை.

"மச்சான், ஆத்தைக் கடல் வரைக்கும் விட்டீங்களே, தண்ணி நீங்க வந்து ஊத்துவீங்களா?" என்றான் மிகுலா.

சுவானே விடவில்லை. "ஆறுன்னா கடலுக்குத்தான் போகணும். பாதியில நிறுத்தினா, செதுக்கினவன் தூங்கிட்டான்னு ஊரே சிரிக்கும். இது எங்கப்பா வெட்டின செப்புத் தகடு. அவருக்கு முன்னாடியும் எல்லாரும் இப்படித்தான் போட்டிருக்காங்க."

அந்த எல்லாரும் லிகாவைப் பார்த்தவர்களா? ஒருவர் தகட்டைப் பார்த்து இன்னொருவர் வெட்டியது. இவருக்கோ படகைக் கண்டாலே குமட்டும்.

வசந்த விதைப்புக்குள் நிலம் மாறணும். இல்லேன்னா மிகுலாவோட பிள்ளைங்க கல்லையா தின்னும்? ஆத்திரமா வருது.

பிப்ரவரி 15

துளை வரைக்கும்தான் நீலம். அதற்குமேல் தீட்ட மாட்டேன்.

பிப்ரவரி 22

தாள்களைப் புத்தகக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். வேலை அரைகுறையாம்.

"நீலம் தீந்துபோச்சா?" என்று கத்தினார் சுவானே.

"தண்ணி தீந்துபோச்சு," என்றேன்.

மிகுலா மட்டும் சிரித்தான். "ஒரே ஒரு தடவை வந்து பாருங்க மச்சான். நான் சொன்னது பொய்னா, காலம் பூரா உங்க அச்சை நானே சுத்தறேன், கூலி வேண்டாம்."

 சுவானே திருவிழாவுக்கு வாங்கிய புதுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். "படகு எப்போ?"

மார்ச் 3

மலையிலிருந்து இறங்கும் போரா காற்று. கடல் ஊளையிடுகிறது. வீம்பு பிடிச்சு அனுப்பிட்டேனோ? சாமி, ரெண்டு பேரையும் கரை சேத்துடு.

மார்ச் 20

வந்துவிட்டார்! மெலிந்து, வெளுத்து, தொப்பியில்லாமல்.

"அந்தத் துளை வாயில நின்னேன் உர்சுலா. ஆறு மொத்தமும் சுழிச்சுக்கிட்டு உள்ள போகுது. அப்பவும் நம்பல. தொப்பியைக் கழட்டிச் சுழியில போட்டேன். அப்புறம் நம்ம கோடு போற வழியே கீழ இறங்கிப் போய், பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"தொப்பி வெளிய வருமான்னு."

"வந்துச்சா?"

"கல்லுதான் இருந்துச்சு."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

மார்ச் 23

கீழாற்றின் கோட்டைச் சுரண்டினார். தகட்டைக் கவிழ்த்துப் பின்பக்கம் தட்டிப் பள்ளத்தை எழுப்பினார். மறுபடி திருப்பி வழுவழுவென்று தேய்த்தார். அப்பா வெட்டிய கோடு.  பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எனக்கு அவர்மேல் இவ்வளவு பிரியம் வந்து நாளாயிற்று.

இப்போது ஆறு ஒரு கரும்புள்ளியில் முடிகிறது.

மார்ச் 26

முதல் தாள், லிகாவிலேயே இருந்துவிட்ட மிகுலாவுக்குப் படகில் போனது. நீலத்தை நானே தீட்டினேன். கை பழக்கத்தில் கடலுக்கு ஓடப் பார்த்தது. நிறுத்தினேன்.

செப்டம்பர் 5

மிகுலா! தோளில் ஒரு மூட்டை வாற்கோதுமை மாவு. மேலாற்றங்கரையில் விளைந்தது.

"நான் தொண்டை கிழியக் கத்தினேன், அந்த அதிகாரி காதுல விழல. உங்க காகிதத்தைக் காட்டினதும் பேனாவை எடுத்துட்டான்."

அந்த மாவில் ரொட்டி சுட்டு, மத்தி மீனோடு சாப்பிட்டோம்.

"மச்சான், அந்தத் துளைக்கு எங்காளுங்க இப்ப என்ன பேரு சொல்றாங்க தெரியுமா?"

"என்ன?"

"சுவானே தொப்பி."

அவர் முகம் சிவந்துவிட்டது.  கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தகட்டை எடுத்தார். கரும்புள்ளியின் பக்கத்தில், அச்சில் நேராக விழும்படி எழுத்துகளை இடவலம் மாற்றி, அந்தப் பெயரை வெட்ட ஆரம்பித்தார்.