அத்தா, இத்தா, கடலை பிஸ்கட்

செவ்வாய்

வெயில். மில் உமி மொட்டைமாடி வரை.

புதுவயல் வாழ் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்: எங்கள் வீட்டு ஏர் ஃப்ரையர் இன்று மாலை அட்டைப்பெட்டிச் சிறையிலிருந்து விடுதலை.

என்னைப் பெற்ற அத்தா கடைசி லீவில் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. கூடவே ஒரு பீனட் பட்டர் டப்பா. அடுத்த லீவில் தானே வந்து பிரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. மாரடைப்பு. அங்கேயே அடக்கம்.

அழுதவர்கள்: அம்மா, பெரியம்மா, பக்கத்து வீடு, பால்காரர். அழாதவர்: அடியேன். அத்தா இனி இல்லை என்பது ஒழுங்காகப் புரிந்த மண்டை இந்த வீட்டில் என்னுடையது மட்டும்தான்.

வாய்தான் சரியில்லை. கணவர் இறந்ததற்காக அம்மா நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க உட்கார்ந்த அன்று, சொந்தபந்தம் நிறைந்த அறையில் சொன்னேன்: "அத்தா போனாக, இத்தா வந்துருச்சு."

பெரியம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அன்றிலிருந்து அம்மா என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை.

ஆகவே பிஸ்கட். கடலை போட்டால் பேச்சு வரும். பள்ளிக்கூட அனுபவம்.

புதன்

மேகம். கணக்கு டியூஷனுக்கு மட்டம்.

பீனட் பட்டர், சர்க்கரை, ஒரு முட்டை. பிசைந்து, உருட்டி, முள்கரண்டியால் அமுக்கிக் கோடு. அதுவரை சமையல் சக்கரவர்த்தி.

முதலில் மெஷினைச் சூடு பண்ணணுமாம். உள்ளே பட்டர் பேப்பரை மட்டும் விரித்து ஓடவிட்டேன். காற்றாடி சுற்றியது. பேப்பர் பறந்து மேலே கம்பியில் ஒட்டியது. புகை.

உள்ளறையிலிருந்து குரல்: "காத்தடிக்கிற பெட்டிக்குள்ள வெறுங் காயிதத்தைப் போட்டா பறக்காம என்னடா செய்யும்?"

அம்மா. என்னிடம். 'டா' உட்பட.

வியாழன்

தூறல். இரண்டாம் முயற்சி. இந்த முறை பேப்பருக்கு மேல் பிஸ்கட் பாரம். எடுத்தவுடன் கொழகொழ. போச்சு என்று நினைத்தேன். ஆறியதும் மொறுமொறு. ஓரம் மட்டும் கருகல்.

அம்மாவிடம் தட்டை நீட்டினேன். பாதி கடித்தாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"உங்கத்தா இருந்தா, மகன் கடலை போட்டுக் கருக்கிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிருப்பாக."

சிரிப்பு மாதிரி ஒன்று. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலே: "அன்னைக்கு நீ சொன்னதுக்கும் அவுகதான் மொதல்ல சிரிச்சிருப்பாக."

பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். இந்த வீட்டில் நான் பாத்திரம் கழுவியதாகச் சரித்திரம் இல்லை.

வியாழன், மறுபடியும்

ஒரு திருத்தம். செவ்வாய்க்கிழமை மண்டையைப் பற்றி எழுதியது பொய். பிஸ்கட் ஆறுவதற்குள் ஒரு போட்டோ எடுத்து அத்தா நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். கீழே, 'பெட்டியப் பிரிச்சுட்டேன் அத்தா, திட்டாதீக.'

ஒரு டிக். போனைக் குப்புறப் போட்டுவைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன். இன்னும் ஒரு டிக்தான்.