ஜன்னலில் அடித்த ஆணி

மார்ச் 4

என் வீட்டுக்காரிக்கு,

இது நானே எழுதியது. யாரும் கையைப் பிடிக்கவில்லை. முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது. முன்பெல்லாம் உன்னிடம் ஒரு வார்த்தை பேச மகளுக்குப் போன் போடுவேன். அவள் ஸ்பீக்கரில் வைப்பாள், மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருப்பார். இனி நீயும் நானும் மட்டும்தான். எனக்குச் சிரிப்பாக வருகிறது.

நீ மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து மாதம். ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்தது தப்புதான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் கண்ணாடி உலைக்கு முன்னால் நின்ற உடம்பு இது. ஊருக்கெல்லாம் காற்று, எனக்கு மட்டும் குளிர். நீயும் கொஞ்சம் பிடிவாதத்தை விட்டால் என்ன? வந்துவிடு.

உன் உலைக்காரன்

மார்ச் 15

உங்களுக்கு,

கடிதத்தை நாலு தரம் படித்தேன். எழுத்தெல்லாம் பெரிதாக, உருண்டையாக, வரிசையில் நிற்காமல் உங்களைப் போலவே இருக்கிறது. மகள் கேட்டாள், காட்டவில்லை.

பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க லாண்டரியில் இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள் நான். உங்களோடு மல்லுக்கு நிற்கவா ஜன்னலைத் திறந்தேன்? உடம்பு கேட்டது, திறந்தேன். நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் ஆணி அடித்துவிட்டீர்கள்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அந்த ஆணி இன்னும் இருக்கிறதா?

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

இஸ்திரிக்காரி

ஏப்ரல் 2

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஆணி இருந்தது. பொய் எழுதவா இத்தனை பாடுபட்டு எழுத்துப் படித்தேன்?

போன வாரம் வகுப்பில் உடம்புச் சூட்டைப் பற்றி ஒரு பாடம். நான்தான் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். வெயிலடித்தால் மனிதன் நிழலுக்கு நகர்கிறான், மெல்லிய துணி உடுத்துகிறான், காற்றைத் தேடுகிறான். குளிரடித்தால் போர்த்திக்கொள்கிறான், சுருண்டு படுக்கிறான். யாரும் சொல்லித்தராமலே உடம்பு அவனை இப்படிச் செய்யவைக்கிறதாம். வேர்த்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டார். சண்டை போடுவோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பிறகு எல்லாக் கதையையும் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். பக்கத்தில் உட்காரும் தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, குளிருதுன்னா நீங்க இன்னொரு சட்டை மாட்டிக்கலாம். வேர்க்குதுன்னா அண்ணி எதைத்தான் கழட்டுவாங்க?"

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. அன்றே குறடு இரவல் வாங்கி ஆணியைப் பிடுங்கினேன். இப்போது திறந்த ஜன்னலோரம் ஸ்வெட்டர், காலுறை, குரங்குக் குல்லாவோடு படுக்கிறேன். எந்த மலைக்குப் பயணம் என்று பால்காரர் கேட்கிறார். முதல் இரண்டு நாள் நடுங்கினேன். அப்புறம் பழகிவிட்டது.

வா என்று இந்தத் தடவை எழுதமாட்டேன். அங்கே ஏசி இருக்கிறது. உன் உடம்புக்கு அதுதான் சுகம் என்றால் அங்கேயே இரு. மாதம் ஒரு கடிதம் போடு, போதும்.

உன் உலைக்காரன்

ஏப்ரல் 9

என்னங்க,

ஏசி சுகம்தான். பதினோரு மாதமாக ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஆனால் உடம்பு குளிர்ந்ததும் பாதம் இரண்டும் ஐஸ் ஆகிவிடுகின்றன. இத்தனை வருஷமாக அவற்றை உங்கள் கெண்டைக்கால்மேல் போட்டுத்தான் தூங்கியிருக்கிறேன் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. மகள் கம்பளிக் காலுறை வாங்கித் தந்தாள். கால் சூடானது, தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மாப்பிள்ளை ஏற்றிவிடுகிறார். நிறுத்தத்துக்கு வந்து நில்லுங்கள், பை கனம்.

பெட்டி கட்டும்போது மகள், "சண்டை தீர்ந்துபோச்சாம்மா?" என்று கேட்டாள்.

"தீரல. மிச்சத்தை வீட்டுல போய்ப் போட்டுக்கறோம்" என்றேன்.

உங்கள் வீட்டுக்காரி