எத்தனை மணி நேரம் என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களெல்லாம் எப்படி என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை.

நான் இங்கே வந்து நான்கு வருஷம். ஒருநாள்கூட நீ தூரத்தைக் கேட்டதில்லை. போன வாரம் திடீரென்று, "அங்கேருந்து பிளேன்ல கிளம்பினா வீடு வந்துசேர எவ்ளோ நேரம்டி ஆகும்?" என்றாய். மறுநாள் தம்பியும் அதையே கேட்டான். ஏன்டா என்றால், "சும்மாதான்க்கா" என்கிறான். சும்மா கேட்கிற கேள்வியா இது?

அப்பாவிடம் போனைக் கொடு என்றால் ஒருநாள் தூங்குகிறார், ஒருநாள் குளிக்கிறார். ஞாயிறன்று கடைக்குப் போயிருக்கிறார் என்றாய். உன் பின்னாலேயே அவர் இருமியது எனக்குக் கேட்டது.

இதையே யோசித்துக்கொண்டு, ஓட்டல் தலையணை உறை ஒன்றைத் தேய்க்கும்போது கருக்கிவிட்டேன். "எந்த லோகத்துல இருக்கே?" என்று சூப்பர்வைசர் அக்கா சிரித்தார். பயப்படாதே, திட்டவில்லை.

விசாரித்துவிட்டேன். ஆறாயிரம் கிலோமீட்டர். நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும். காத்திருப்பது, கடைசியில் டாக்சி எல்லாம் சேர்த்துப் பதினாறு மணி நேரம்.

லீவில் ஊருக்கு வரும் எங்கள் ஓட்டல் எலக்ட்ரீஷியன் அண்ணன் இந்தக் கடிதத்தை நேரில் கொண்டுவருகிறார். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். அதை அப்பாவே எழுந்து வந்து கொடுக்கட்டும். குடித்துவிட்டு, நம் வாசலில் நின்றே அண்ணன் எனக்குப் போன் செய்வார்.

அவர் கிளம்பத் தயாராகிவிட்டார், முடிக்கிறேன். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன்.

உன் மகள்