சிவப்புக் கோடும் நீலக் கோடும்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. ஷெட்டில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. சங்ககிரி முழுக்கப் புழுதி. லாரிகள் சரக்கேற்றிக் கிளம்பியாச்சு. தேங்காய் வாங்க மறந்தாச்சு.

சனிக்கிழமை டிராக்கில் ஓட்டிய ரவுண்டுகளை லேப்டாப்பில் ஏற்றினேன். பந்தய வண்டியின் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிற சின்னப் பெட்டி எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறது. எங்கே எவ்வளவு வேகம், எங்கே ஆக்ஸிலரேட்டர், எங்கே பிரேக். என் கோடு சிவப்பு, நிவேதா கோடு நீலம். ஒரு ரவுண்டுக்கு ஒன்றரை செகண்ட் அவள் முந்தி. மறுபடியும்.

கொழுந்தனார் செந்திலைக் கட்டிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்தே இரண்டு வருஷம்தான். வண்டியைத் தொட்டது போன தீபாவளிக்கு அப்புறம். நான் நாலு வருஷமாக ஓட்டுகிறேன். ஓரகத்தி வருவாள் என்று தெரியும், என் சீட்டுக்கே வருவாள் என்று யார் கண்டது?

22ஆம் தேதி ஞாயிறு பந்தயம். பெண்கள் பிரிவு. ஒரு வண்டிக்கு ஒரு பேர்தான். அடுத்த திங்கள் பேர் கொடுக்க வேண்டும். வண்டியைத் தயார் செய்கிற செந்தில் பொறுப்பை என் தலையிலேயே கட்டிவிட்டார். டேட்டாவைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள் அண்ணி, உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று. நல்ல ஆள்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காற்று குறையவில்லை.

ஆபீஸில் லாரிகளின் ஜிபிஎஸ். நம் டிரைவர் ஒருவர் தொப்பூரில் டிராஃபிக் என்றார். தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் நிற்கிற வண்டிக்கு டிராஃபிக் இல்லை, டீக்கடை. சொன்னேன். சிரித்துவிட்டார்.

மத்தியானம் மறுபடி நீலக் கோடு. இரண்டாவது வளைவில் நான் பிரேக்கை மிதித்த பிறகும் அவள் மிதிப்பதில்லை. போய்க்கொண்டே இருக்கிறாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அந்தக் கோடு அழகாக வேறு இருக்கிறது.

வாங்க வேண்டியது: தேங்காய், துணி கிளிப், அத்தைக்கு மூட்டு எண்ணெய்.

நி.க்குத் தயிர் ஊற்றும்போது அத்தை ஏட்டோடு ஊற்றுகிறார். எனக்கு அடித் தயிர். இதையெல்லாம் எழுதுகிறேனே, எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஏட்டோடுதான் ஊற்றினார்.

வீட்டுக்காரரிடம் பந்தய வண்டியில் ஏதோ கோளாறு என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.” இன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி கிடையாது.

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

இந்த வீட்டில் எந்த வண்டி முதல் நடை கிளம்பினாலும் மூத்த மருமகள் கையில்தான் சாவி. அத்தை வைத்த சட்டம். லாரிக்கும் அதுதான், பந்தய வண்டிக்கும் அதுதான். கற்பூரம் காட்டி, டயருக்கு எலுமிச்சை வைத்து, “நீ முன்னால போ சாமி” என்று சாவியைக் கொடுப்பார். டிராக்கிலும் அதே வரிசை. முதலில் நான், பிறகு நி. ஒரு நாளும் மாறியதில்லை.

அப்போது டயர் குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்த டயருக்குப் பிடிப்பு இல்லை. வளைவுக்கு வளைவு வழுக்குகிறது, நான் பயந்து பயந்து திருப்புகிறேன். ஓட்டி ஓட்டி டயரைச் சூடாக்கி இறங்குகிறேன், அவள் ஏறி உட்கார்ந்து பறக்கிறாள். அடுப்பு மூட்டுவது ஒருத்தி, தோசை சுடுவது ஒருத்தி.

என் பழைய கோடுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கடைசி ரவுண்டுகளில் நான் தேறுவது நன்றாகவே தெரிகிறது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு நாலு வருஷமாக வழுக்கியிருக்கிறேன்.

செ.யிடம் சனிக்கிழமை அவள் முதலில் போகட்டும் என்றேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என்று தலையைச் சொறிந்தார். தெரிய வேண்டாம் என்றேன். நி.யிடம் சொன்னபோது “சரிங்க்கா” என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கொஞ்சமாவது பயந்திருக்கலாம்.

ராத்திரி பணியாரம். நான் மட்டும் இரண்டு கூடுதல்.

ஜூன் 14, சனி

அதிகாலையில் கிளம்பி டிராக். கோயம்புத்தூர் தாண்டும்வரை தூறல், அங்கே போனால் சுத்தமான வெயில். வீட்டு வாசலில் அத்தை சாவியை என் கையில்தான் கொடுத்தார். டிராக்கில் அதை நி. கையில் வைத்தேன்.

அவள் முதலில். நான் பிறகு.

நான் அரை செகண்ட் முந்தி!! என் நாலு வருஷத்தில் இதுதான் நல்ல ரவுண்டு. டயர் தரையைக் கவ்விப் பிடித்தது. செ. கை கொடுத்தார். வீட்டுக்காரர் பவானியில் நிறுத்திப் பரோட்டா வாங்கித் தந்தார், கூடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நி. பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள். பாவம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஜெயித்தால் மனசு எவ்வளவு தாராளமாகிவிடுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

மேகம். துணி காயவில்லை.

ஆசையாக லேப்டாப்பைத் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம்.

வளைவுகளில் எல்லாம் வேகத்தில் நீலம் மேலே. குளிர்ந்த டயரிலேயே மேலே. சூடான டயரில் ஓட்டிய என் சிவப்பு கீழே. அப்படியென்றால் எங்கே தோற்றாள்?

நேர் ரோட்டில். வளைவே இல்லாத இடம். யார் ஓட்டினாலும் அடிவரை மிதிக்கிற இடம். அங்கே அவள் ஆக்ஸிலரேட்டர் கோடு சரிந்து, கொஞ்சம் கிடந்து, பிறகு மேலே ஏறுகிறது. எஞ்சின் கோளாறோ என்று அடுத்த ரவுண்டைப் பார்த்தேன். அதே இடம். அதற்கடுத்ததும் அதே இடம். இது டிராஃபிக் இல்லை. டீக்கடை.

காலை எடுத்திருக்கிறாள். எனக்காக.

தோற்றபோதுகூட இப்படி எரியவில்லை.

மொட்டை மாடிக்குப் போனேன். துணி திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

“நேர் ரோட்டுல எதுக்குக் கால எடுத்த?”

கையிலிருந்த கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் திரும்பினாள். “நீங்க மூத்தவங்க இல்லீங்களாக்கா. நாலு வருசமா ஓட்டறீங்க.”

“நான் டேட்டாவப் பாப்பேன்னு தெரியாதா உனக்கு?”

“தெரியுங்க. பாத்துட்டு என்ன பண்ணுவீங்கன்னுதான் தெரியலீங்க.”

காயாத போர்வையை எடுத்து மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பாதிப் படியில்தான் ஈரம் தெரிந்தது.

ஜூன் 16, திங்கள்

காற்று மறுபடி. பேர் கொடுக்கிற நாள்.

இந்தக் கோடுகளை என்னைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. செ.க்கு ரவுண்டு நேரம் மட்டும் போதும், அதில் நான்தான் முந்தி. சனிக்கிழமை ஃபைலை அழித்தால் தீர்ந்தது கதை. அழிப்பதா என்று லேப்டாப்பும் கேட்டது. காபி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அழிக்கவில்லை. நிவேதா பேரை அனுப்பினேன்.

மூத்தவள் இருக்கும்போது இதென்ன வழக்கம் என்று அத்தைக்கு முகம் தூக்கல். செ., “உங்களுக்குப் பெரிய மனசுங்க அண்ணி” என்றார். பெரிய மனசாவது மண்ணாங்கட்டியாவது. அவள் விட்டுக்கொடுத்த சீட்டில் உட்கார என் உடம்பு ஒப்பவில்லை, அவ்வளவுதான். பொறாமை அப்படியே இருக்கிறது, ஒரு இம்மி குறையவில்லை. மத்தியானம் அவளுக்கு நானே ஏட்டோடு தயிர் ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தாள். சாப்பிடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அடிவரை மிதிக்க வேண்டும். மிதிக்கிறாளா என்று பார்க்க நான் இருக்கிறேன்.