டப்பா காலியாக வரும் நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் ருஃபினோ இன்று இருபது பாகம், அதாவது இருபது ஆள் ஆழம் இறங்கினான். சுண்டுவிரல் நீள நீலப் பலாத்தா மீன் அந்த ஆழத்துப் பவளப்பாறையில்தான் கிடைக்கிறது. கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இப்போது அதுதான் வேண்டுமாம். படகில் காற்று இயந்திரத்தையும் குழாயையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மீனைச் சட்டென்று மேலே கொண்டுவந்தால் வயிறு ஊதிச் செத்துவிடும். அதனால் மீன் டப்பாவோடு வழியில் நின்று நின்று வந்தான்.

மார்ச் 7

மீன் இல்லை. விருட்டென்று மேலே வந்தான். சாயங்காலம் சோற்றைப் பிசையக்கூட முடியாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 8

மறுபடி இறங்கினால் வலி போய்விடும் என்பார்கள் இங்கே. இறங்கினான். போய்விட்டது. இனி இதையே மருந்தாக நம்பிவிடுவான், எனக்கு அதுதான் பயம்.

மார்ச் 11

பழைய பக்கங்களைப் புரட்டினேன். டப்பா காலியாக வரும் நாட்களில் மட்டும்தான் அவனுக்கு வலி! சட்டென்று ஏறுவது மீனுக்கு மட்டுமில்லை, உனக்கும் ஆகாது, மீன் இல்லாவிட்டாலும் நின்று வா என்றேன்.

"வெறும் டப்பாவோட தொங்கிக்கிட்டு நிக்க நான் என்ன வௌவாலா?"

சண்டை. இயந்திரத்தை நிறுத்திவிடுவேன் என்று கத்தினேன். நிறுத்தவா முடியும்? அவன் மூச்சே அதில்தான் ஓடுகிறது.

மார்ச் 13

நேற்றுப் பிடித்த உயிர்மீனில் இரண்டை அவனுக்குத் தெரியாமல் டப்பாவில் போட்டு அனுப்பினேன். கீழே ஒன்றும் சிக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டும் சாகக்கூடாதே என்று நின்று நின்று வந்தான். வந்ததும் முறைத்தான்.

"மெர்லி, என்னையே ஏமாத்துறியா நீ?"

மார்ச் 15

டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறான். பிடிவாதக்காரன்.

மார்ச் 19

காலி. நேராக வந்தான். இரண்டு காலும் அசையவில்லை.

மார்ச் 20

பக்கத்துப் படகுக்காரர்கள் மறுபடி கீழே இறக்கு என்றார்கள். அண்ணனும் அதையேதான் கெஞ்சினான். நான் கேட்கவில்லை, படகை நகரத்துக்கு விட்டேன். ஆஸ்பத்திரியில் காற்றழுத்த அறைக்குள் வைத்திருக்கிறார்கள். ஒருவேளை நான் செய்தது தப்போ? அவன் எழுந்திருக்காவிட்டால் ஊரே என்னைத்தான் கேட்கும். நானே கேட்டுக்கொள்வேன்.

ஏப்ரல் 2

இடது கால் விரல் அசைந்தது. வெளியே வந்து அழுதேன்.

ஜூன் 10

இன்று நான் இறங்கினேன், பத்து பாகம்தான். ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணன் குழாயைப் பிடித்திருந்தான். ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. ஏறும்போது பாதி வழியில் குழாய் இரண்டு முறை இழுபட்டது. நில் என்று அர்த்தம். நின்றேன். நகர்ந்தால் மறுபடி இரண்டு இழுப்பு. அப்படியே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தான்.

மேலே வந்து வெறும் டப்பாவைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. என் முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னான்.