பத்திரிகை வந்தபோது மாற்றிய சேனல்

ஞாயிறு, இரவு.

அந்தக் காமெடித் தொடர் குடும்பத்தோடு பார்க்கக்கூடியதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. விவாகரத்தான இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற கதை. ஒரு மாதமாக எல்லோரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். விவாகரத்து வாங்கிக்கொண்டு மகளோடு எங்களிடம் வந்துவிட்ட என் நாத்தனார் சுதா சிரிப்பதே அந்த அரைமணி நேரம்தான்.

இன்று சாயங்காலம் தொடர் பாதியில் இருந்தபோது, தாராபுரத்துச் சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்றார்கள். "வாங்க, வாங்க" என்றபடியே சேனலை மாற்றிவிட்டேன். மாற்றிய சேனலில் ஓடிய சீரியலில் ஒரு மாமியார் மருமகளின் பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் கூடக் கூட்டி வந்திருந்த தங்கள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பார்த்தார்கள். நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று பத்திரிகையை வாங்கினோம். திரும்பினால் சுதாவைக் காணோம். யாரும் சொல்லாமலே சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர்கள் போனபிறகு, காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க அண்ணி, வெசம் வெக்கறதைப் பாத்தாப் பரவால்லீங்களா?"

"பிள்ளைங்க இருக்காங்கன்னுதான் மாத்துனேன் சுதா" என்றேன். என்ன பேச்சு இது? பிள்ளைகள் ஒரு மாதமாக எங்களோடுதானே உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவளுக்காக மாற்றினேனா, வந்தவர்களுக்காகவா? யோசித்தால் குழப்பம்தான் கூடுகிறது.

படுக்கப் போகும்முன் சுதாவின் மகள் என் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டாள்: "அத்தை, எல்லாரும் போயிட்டாங்க. இப்பப் போடலாங்களா?"