சீர் வேண்டாம் தம்பி

மேலப்பட்டி, குளத்தூர் தாலுகா
8-5-1962

அன்புத் தம்பி அடைக்கலத்துக்கு, அக்காள் மருதாயி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பட்டணத்தில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

என் மகள் செவந்தி பெரியவளாகிவிட்டாள். வைகாசி பத்தில் சடங்கு வைத்திருக்கிறோம்.

மழை ஏமாற்றிவிட்டது. கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாட்டில் ஒன்று பங்குனியில் செத்து விழுந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் இல்லை, நாற்பது அடிக்குக் கீழே கிடக்கிறது. மோட்டார் வைத்தால் எட்டும். அதற்காகத்தான் கரண்டு லைன் கேட்டு ஊர் சேர்ந்து மனுப் போட்டது.

அதில் உன் மச்சான் செய்த காரியம் உனக்கே தெரியும். எந்த ஊருக்கு முதலில் லைன், யூனிட்டுக்கு என்ன விலை என்று தீர்மானிக்கிற கமிட்டியில் நீ இருக்கிற பெருமையில், மனுவின் தலையிலேயே ‘மெம்பர் அவர்களின் உடன்பிறந்த அக்காள் வாழும் ஊர்’ என்று எழுதவைத்தார். மாமன் மச்சான் முறை சொன்னால் எந்தக் கதவும் திறக்கும் என்று நினைக்கிற மனுஷன். ‘சொந்தக்காரர் உள்ள ஊர், நான் கமிட்டியில் இருக்கும்வரை எடுக்கக் கூடாது’ என்று நீ எழுதித் தள்ளிவைத்தாய். பக்கத்து ஊரில் பம்புசெட் ஓடுகிறது. “ஒந் தம்பி பெரிய எடத்துல இருக்கப் போயித்தான் நாங்க காயிறோம்” என்று எதிர்வீட்டு மூக்காயி என் முகத்துக்கு நேரே சொன்னாள். கிணற்றடியில் எனக்கு இடம் விடுகிறார்கள், பேச்சுத்தான் கொடுப்பதில்லை.

எனக்கு உன் மேல் கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் நீ இன்றைக்கு மாறியவன் இல்லை. நம் சமஸ்தானம் சர்க்காரோடு சேர்ந்த வருஷம் மீட்டர் பார்க்கிற வேலைக்குப் போன மறுமாசமே, பெரியப்பா மில்லில் திருட்டு ஒயரைக் கண்டு வெட்டினாய். சொந்தமெல்லாம் உன்னைத் தூற்றியபோது நான்தான் பெருமைப்பட்டுச் சோறு போட்டேன்.

உறவில்லை என்று ஒரு வரி எழுதி வாங்கு என்கிறார் உன் மச்சான். நீ பொய் எழுத மாட்டாய் என்று சொல்லிவிட்டேன். அதனால் அதை மெய்யாக்கத் துணிந்துவிட்டோம். நீ சடங்குக்கு வராதே. சீர்த்தட்டு, பட்டு எதுவும் அனுப்பாதே. தாய்மாமன் சபையில் மாலை போடாவிட்டால் உறவு அறுந்தது என்று ஊர் ஏற்றுக்கொள்ளும். சித்தப்பா மகன் ஆண்டிச்சாமியை மாமனாக நிறுத்துகிறோம். செவந்தி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உன் பெயரைச் சொல்லித்தான் அழுகிறாள்.

இதனால் லைன் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுச் சடங்கையா பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் ஊருக்கு முன்னால் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. உறவு போகாமல் கெடும் என்பார்கள். நமக்கு அது இருந்து கெட்டது.

வேளைக்குச் சாப்பிடு. உன் பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும். இதற்குப் பதில் மட்டும் போட்டுவிடாதே அப்பா. போட்டால் நான் பிரித்துப் படித்துவிடுவேன்.

மருதாயி